நம்மை என்னவென்று சொல்லிக்கொள்வது?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடி விளையாடும் நம்மை ‘ஜியோகேச்சர்’ என்பதா, ‘புதையல் வேட்டைக்காரர்’ என்பதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நமக்குள் ‘கேச்சர்’ என்பதே போதும். வெளியாரிடம் ‘புதையல்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தங்கம் கிடைத்ததா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஜிபிஎஸ் துல்லியத்துக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கிய கையோடு, 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் டேவ் உல்மர், மற்றவர்கள் தேடியெடுக்க முதல் வாளியை மறைத்துவைத்தபோது இந்த விளையாட்டுக்கு ‘ஸ்டாஷ்’ வேட்டை என்றே பெயர். அச்சொல் பதுக்கல் சரக்கை நினைவூட்டியதால் அம்மாத இறுதியிலேயே ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயர் முன்மொழியப்பட்டது. பெயர்ச் சிக்கல் நமக்குப் புதிதல்ல.

பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுத் துழாவும்போது யாரேனும் விசாரித்தால் மழுப்ப வேண்டாம். கைப்பேசி காட்டும் இடத்தில் ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடியெடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது எங்கள் பொழுதுபோக்கு என்று சொல்லி, விரல் நீளமே உள்ள அந்த டப்பாவையும் சுருட்டிய தாளையும் காட்டிவிடுங்கள். நம் விளக்கத்தைவிட, தாளில் வரிசையாக உள்ள பெயர்கள் சந்தேகத்தை விரைவில் தீர்க்கும்.

இந்த விளையாட்டின் விவரம் அறியாதவர்களை ‘மகிள்’ (ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரசக்தி இல்லாதவர்) என்று குறிப்பிடுவது குழுவுக்குள் மட்டும் இருக்கட்டும். நேரில் சொன்னால் கேலியாகவே படும்.