பாலைவனம் தடயத்தை விழுங்குவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலைநிலத்தில் நடக்கும் குற்றப் புதினங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரேலியக் குற்றப் புதின எழுத்தாளர் ஆர்தர் அப்ஃபீல்டின் 'தி சாண்ட்ஸ் ஆஃப் விண்டீ' நாவலை எடுத்துப் பேசியது நல்ல தேர்வு. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் நடந்த கொலைகளை வைத்தே அவர் அந்த நாவலை எழுதினார் என்று கட்டுரையாளர் சொல்வது தலைகீழ். நாவலுக்காக நடந்த பேச்சு முந்தியது, கொலை பிந்தியது.

அப்ஃபீல்ட் அப்போது முயல் தடுப்பு வேலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1907இல் கட்டி முடித்த முதல் வேலி அது. நீளம் 1,833 கி.மீ. பிணமே கிடைக்காத ஒரு கொலை தன் கதைக்கு வேண்டுமென்று அவர் யோசித்தபோது, ஜார்ஜ் ரிட்சி என்ற நண்பர் வழி சொன்னார்: விலங்கின் உடலோடு சேர்த்து எரிப்பது, சாம்பலைச் சலிப்பது, எஞ்சும் எலும்பைத் தங்கம் தேடுவோர் பாறை இடிக்கும் இரும்பு உரலில் போட்டு இடிப்பது. இதில் துப்பறிவாளர் பிடிப்பதற்கு ஒரு நுனிகூட இல்லை என்பதுதான் நாவலாசிரியருக்குத் தலைவலி. ஓட்டையைக் கண்டுபிடித்தால் ஒரு பவுண்டு தருவதாக ரிட்சியிடமே சொன்னார். 1929 அக்டோபரில் அரசு ஒட்டக நிலையத்தில் இதைப் பற்றிப் பேசியபோது உடனிருந்தவர்களில் பின்னாளில் கொலைகாரனான ஸ்னோயி ரௌல்ஸும் ஒருவன். அவனோடு கிளம்பிய ஜேம்ஸ் ரயனும் ஜார்ஜ் லாய்டும் அந்த டிசம்பருக்குப் பிறகு காணவில்லை. 1930 மே மாதம் ரௌல்ஸோடு போன லூயி கரனும் காணாமல் போனார்.

ரௌல்ஸ் மாட்டிக்கொண்டது எப்படி என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. கரன் நண்பர்களுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவர். கடிதம் நின்றதும் விசாரிக்க ஆள் இருந்தது. அவருடைய சம்பளக் காசோலையை ரௌல்ஸ் மாற்றியிருந்தது தெரியவந்தது. பிறகு வேலியின் 183ஆவது மைல் குடிசை அருகே சாம்பலில் எலும்புத் துண்டுகள், பொய்ப்பல், ஒரு திருமண மோதிரம். சலிக்கும் வேலையை அவன் ஒழுங்காகச் செய்யவில்லை. மோதிரம் கரனுடையதுதான் என்று நிரூபித்தது ஒரு பற்றவைப்பு. நியூசிலாந்து நகைக்கடையில் அளவைக் குறைத்தபோது, 18 காரட் மோதிரத்தில் கவனக்குறைவாக 9 காரட் தங்கப் பற்றுப்பொடியை வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். முன்னது நூற்றுக்கு 75 பங்கு தங்கம், பின்னது 37.5 பங்கு. ஒட்டிய இடம் நிறம் மாறித் தெரியும். அப்படி ஒரு தவறு இரண்டு மோதிரத்தில் அமைவது அரிது.

ஆகவே 'பாலைவனம் தடயத்தை விழுங்கிவிடும், அதனால்தான் அது குற்றக்கதைக்கு வாகான களம்' என்ற கட்டுரையின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரமான காட்டில்தான் உடல் விரைவில் அழியும். வறண்ட வெயிலில் நீர் சீக்கிரம் வற்றுவதால் அழுகல் பாதியில் நின்று, தோல் பதனிட்ட தோலைப் போல இறுகிவிடும். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் பெரிய மாற்றம் தெரியாது. எனவே இறந்த நேரத்தைக் கணிப்பது கடினம். ஆனால் ஆள் யாரென்று கண்டுபிடிக்க வழி இருக்கும். சுருங்கிய விரல்களைக் கரைசலில் ஊறவைத்துக் கைரேகை எடுப்பது தடயவியலில் வழக்கமான வேலை. 'இரண்டே வாரத்தில் வெறும் எலும்புக்கூடு' என்று எழுதும் நாவலாசிரியர், நரியோ கழுகோ வந்ததற்கு ஒரு வரியாவது எழுத வேண்டும்.

கால்தடமும் அப்படித்தான். நகரும் மணல்மேட்டில் காற்று அழித்துவிடும், சரி. சரளையும் களிமண்ணும் கலந்த சமவெளியில் டயர் தடம் வருடக்கணக்கில் கிடக்கும். காலையும் மாலையும் சாய்வெயிலில் தடத்துக்கு நிழல் விழும். உச்சிவெயிலில் அதே தடம் கண்ணுக்குத் தட்டுப்படாது. தடம் தேடும் காட்சியை நண்பகலில் வைக்கிற எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கலாம். மணலில் வண்டி ஓட்டுகிறவர் டயர் காற்றைச் சுமார் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிக்கொள்வார், இறக்காமல் போனால் சக்கரம் புதையும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். காற்று பிடிக்க அவர் எங்கே நின்றார் என்பதே ஒரு துப்பு. தண்ணீர்க் கணக்கும் நாவல்களில் பெரும்பாலும் பொய்தான். 40 டிகிரிக்கு மேல் நடக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். ஒரு பாட்டிலோடு பகல் முழுக்கக் கொலைகாரனைத் துரத்தும் கதாநாயகன் மாலைக்குள் விழுந்துவிடுவான்.

இதையெல்லாம்விட முக்கியம், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் யாரும் கூட்டத்தில் கரைந்துபோக முடியாது என்பது. பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே எத்தனையோ மைல்; வந்தவன் யார், எந்த வண்டியில், யாரோடு வந்தான், திரும்பும்போது ஏன் தனியாகப் போனான் என்பதை அடுத்த பண்ணைக்காரர் மறக்கமாட்டார். நம் சங்க இலக்கியப் பாலைத்திணைப் பாட்டிலும் ஆறலை கள்வர் (வழிப்பறிக்காரர்) கொன்ற வழிப்போக்கரின் மேல் இலையும் கல்லும் குவித்த பதுக்கைகள் வழிநெடுகக் கண்ணில் படுகின்றனவே தவிர மறைவதில்லை.

பிழைதிருத்தம் வெளியிடுவதாக இருந்தால் ஆண்டுகள் இவை: நாவல் வெளியானது 1931, பெர்த்தில் வழக்கு நடந்தது 1932 மார்ச், அதில் அப்ஃபீல்டும் சாட்சி சொன்னார், ஃப்ரீமான்டில் சிறையில் ரௌல்ஸைத் தூக்கிலிட்டது 1932 ஜூன் 13. கரன் கொலைக்கு மட்டும்தான் அவன்மேல் வழக்கு நடந்தது. ரயன், லாய்ட் இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி