ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் என்றாலே புகை, ஸ்கிராப், எப்போது தூக்கிப் போடுவது என்றுதான் பேச்சு அடிபடுகிறது. அதைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி என்று யாரும் பேசுவதில்லை. எங்கள் பாலக்கோடு சந்தை நாளில் ரோட்டோரம் நின்று பார்த்தால் தெரியும், டி.என். 29 (தருமபுரி), டி.என். 24 (கிருஷ்ணகிரி) எண் போட்ட மாருதி 800-ம் ஆம்னியும் சான்ட்ரோவும் இன்னும் எத்தனை குடும்பங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்று. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆகவே கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயதைத் தாண்டிவிட்டது. பதினைந்து வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் கட்டணம், 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆனது. அதையும் கட்டி, இன்சூரன்ஸும் போட்டு ஓட்டுகிறவர்கள் வேறு வழியில்லாமல்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பார்த்தவரை நம் பக்கத்தில் பழைய கார்கள் வயதாகிச் சாவதில்லை, தண்ணீரால் சாகின்றன. இன்ஜின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றியே இன்ஜினைக் கொல்கிறோம்.

நம் மாவட்டங்களின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளூரைடால் பல்லில் கறை ஏறிய தலைமுறை இங்கே இருக்கிறது, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு எதிரி ஃபுளூரைடு அல்ல, தண்ணீரில் கரைந்து வரும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். சூடு ஏற ஏற அவை தண்ணீரில் இருந்து பிரிந்து உலோகத்தின் மேல் கெட்டியாகப் படிகின்றன. வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் படிவு தெரியும். ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் மிகவும் ஒடுக்கமானவை, அதில் அந்தப் படிவு ஏறினால் என்ன ஆகும்? பாதிக் குழாய் அடைபட்டுவிடும், தண்ணீர் ஓடாது, ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தும் வண்டி ஹீட் ஆகும். இது ஒரு பக்கம் என்றால், வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் சரக்கு எதுவும் கிடையாது. வாட்டர் பம்ப், ஹீட்டர் குழாய், இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழி எல்லாம் உள்ளேயே அரித்துப்போகும்.

காரிமங்கலத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் மாருதி 800-ல் இதை நான் கண்ணால் பார்த்தேன். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ஹீட் ஆகி நின்றுவிட்டது. மறுநாள் வீட்டு வாசலில் வைத்துக் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தோம். முதலில் செம்பழுப்பாகத் துருத் தண்ணீர் வந்தது, அப்புறம் நின்றுபோனது. ஸ்க்ரூடிரைவரை விட்டு லேசாகக் கிளறியதும் வெள்ளைச் செதில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, சிலது நகம் அளவுக்கு இருந்தன. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. சித்தப்பாவிடம் கேட்டால், முன்பு ஒருமுறை ஹீட் ஆனபோது மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டாராம், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று சொல்லி. கடைசியில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி (ஃபேசிங்), புது கேஸ்கெட் மாற்றித்தான் வண்டியை எடுக்க முடிந்தது. பல ஆயிரம் செலவு. சில நூறு ரூபாய்க்கு ரேடியேட்டருக்கென்றே விற்கிற, துருவைத் தடுக்கும் கூலன்ட் வாங்கி ஊற்றியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிற பழக்கம் நம் ஊர் பட்டறைகளில் பரவலாக இருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது மூடி வைத்திருக்கும், இன்ஜின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வருவதற்காக. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். முக்கியமாக, அடைபட்ட ரேடியேட்டரை அது சரிசெய்யாது, கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பழுதா இல்லையா என்று பார்ப்பதும் எளிது. தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே எத்தனை டிகிரி என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி வால்வு திறக்கத் தொடங்கி, ஆறியதும் மூடிக்கொண்டால் அதையே மாட்டுங்கள், இல்லை என்றால் புதிது வாங்கிப் போடுங்கள். (சமையல் பாத்திரத்தில் வேண்டாம், பழைய டப்பா ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.)

சரி, கூலன்ட் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியாக இருக்க வேண்டும், சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிடும். ரேடியேட்டரின் அடியில் திருகு இருந்தால் அதை, இல்லாவிட்டால் கீழ் ஹோஸைத் திறந்து பழையதை ஒரு பேசினில் பிடியுங்கள். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதன் லீவரைச் சூட்டுப் பக்கம் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும், கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும், ஏனென்றால் இன்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அப்புறம் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கிற கூலன்டானால் அப்படியே ஊற்றலாம், எத்தனை லிட்டர் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும், மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு அணைத்துவிட்டு மூடுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள், அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதித்துவிடும். ஃபேன் பக்கம் கை, துப்பட்டா எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாக ஓடும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கொடிய விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். நாய், ஆடு, குழந்தை எது வேண்டுமானாலும் நக்கிவிடும். கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் வாங்குகிற பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

வழியில் ஹீட் முள் ஏறினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஹீட்டரை முழுக்க வையுங்கள், கொஞ்சம் சூடு அதன் வழியாகப் போகும். ஓரங்கட்டி அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விட்டுவிடும். ஆறிய பிறகு கையில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதை ஊற்றி வீடு வந்து சேருங்கள், அவசரத்துக்குப் பாவமில்லை. ஆனால் வந்ததும் வடித்து அலசிவிட வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று. கரண்ட் போனால் ஃபேன் ஓட வேண்டுமே என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி ஊற்றாத வீடு இன்று குறைவு. அதே வீட்டில் லட்ச ரூபாய் இன்ஜினுக்குத் தோட்டத்துக் குழாயை நீட்டுகிறார்கள்!

அடுத்தது பிரேக் ஆயில். தருமபுரியில் இருந்து சேலம் போகிற எல்லோரும் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கமும் அப்படித்தான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. புதிய டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும், ஆயிலில் குமிழி விழுந்து பெடல் தரை வரை போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், இறக்கத்தில் மூன்றாவது, இரண்டாவது கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடவே விடாதீர்கள். ஆயிலின் மட்டத்தையும் நிறத்தையும் நாமே பார்க்கலாம், கறுத்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் பிரேக்கைப் பிரிப்பதும் காற்று எடுப்பதும் தெரிந்த மெக்கானிக் வேலை. வீட்டில் செய்து பழகுகிற இடம் அது இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதேபோல டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

இன்னொன்று, இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். நம் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தாலோ குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிந்தாலோ காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், தீப்பிடிக்கிற விஷயம்.

நான் பள்ளி ஆசிரியை, 2007-ஆம் வருட ஆல்டோ வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர், பிளக், கூலன்ட், பேட்டரி எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். உதிரிபாகக் கடையில் கூலன்ட் கேட்டால் "வீட்ல சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். தனியாக வண்டி எடுத்துக்கொண்டு அரூர், ஊத்தங்கரை என்று வேலைக்குப் போய்வருகிற பெண்கள் இன்று நிறையப் பேர். ராத்திரியில் வழியில் நின்றுபோனால் அவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம், அதனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் அவர்கள்தான். மெக்கானிக்குகளை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நல்ல கைக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் வண்டிக்காரருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால்தான் "தெர்மோஸ்டாட் எங்கே?" என்று கேட்க முடியும்.

இதற்காக மூன்று பேரிடம் ஒரு வேண்டுகோள். நம் இரண்டு மாவட்டங்களிலும் மோட்டார் மெக்கானிக் பிரிவு உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இடமும் கருவிகளும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வைத்திருக்கும் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்கள் காற்று பிடிக்கிற இடத்தில் கேனில் வைக்கிற தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால், ரேடியேட்டருக்கு ஆகாது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும், பக்கத்திலேயே டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் விற்பனைக்கு வைத்தால் அவர்களுக்கும் வியாபாரம். உங்கள் நாளிதழ் வாரத்துக்கு ஒரு கால் பத்தி இடம் ஒதுக்கி, அனுபவமுள்ள உள்ளூர் மெக்கானிக்குகளையே எழுதச் சொல்லலாம். மார்ச் பிறந்தால் நம் பக்கம் வெயில் ஏறிவிடும், மாங்காய் சீசனில் லோடு ஏற்றி ஓடுகிற ஆம்னிகளும் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே முதல் பத்தி வெளிவருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.