ப்ரீதர் கிட்டின் தவறான பொருத்தும் குறிப்பு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கிராங்க்கேஸ் ப்ரீதர் கிட் – பணத்தைத் திருப்பித் தரவும் குறிப்புத்தாளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா,

தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய ப்ரீதர் கிட்டை (கிராங்க் தண்டு சுழலும் கூடான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் ஹோஸ், பெட்டி அடங்கிய தொகுப்பு), உடன் வந்த குறிப்புத்தாளில் உள்ளபடியே எனது 1972-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1,584 சிசி இன்ஜினில் பொருத்தினேன். அதுவரை ஒழுக்கின்றி ஓடிய இன்ஜின், அதன்பின் கிராங்க் புல்லியின் (கிராங்க் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) பின்புறமிருந்து ஆயிலைக் கக்கத் தொடங்கியது. "பழைய இன்ஜின், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்" என்று தங்கள் பிரிவு அளித்த பதிலை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆயில் ஊற்றும் குழலில் உள்ள காற்றுவழிகள் அனைத்தையும் ரப்பர் மூடிகளால் அடைத்துவிட்டு, சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளை மூடியுள்ள இரண்டு டேப்பட் கவர்களிலிருந்து மட்டும் ப்ரீதர் பெட்டிக்கு ஹோஸ் இழுக்குமாறு குறிப்புத்தாள் சொல்கிறது. தவறு இங்கேதான் உள்ளது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயு, எந்த இன்ஜினிலும் ஓரளவு இருக்கவே செய்யும். இந்த இன்ஜினில் அது கிராங்க்கேஸின் மேலே உள்ள அந்தக் குழல் வழியாக வெளியேறும்படியே அமைத்திருக்கிறார்கள். அதை அடைத்துவிட்டால், வால்வுகளை இயக்கும் தண்டுகள் செல்லும் எட்டு புஷ்ராட் குழாய்கள் வழியாகத்தான் வாயு டேப்பட் கவரை அடைய முடியும். சிலிண்டர் ஹெட்டுக்குப் போன ஆயில் திரும்பி இறங்கும் வழியும் அதே குழாய்கள்தான். எதிரே வாயு ஏறிவருவதால் ஆயில் கவர்களிலேயே தேங்கி, பின்பு ஹோஸ் வழியாகப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. மொத்தமே இரண்டரை லிட்டர் ஆயில் கொள்ளும், குளிர்ச்சிக்குக் காற்றோடு ஆயிலையும் நம்பியிருக்கும் இன்ஜினுக்கு இது சிறிய இழப்பன்று.

மேலும், இந்த இன்ஜினின் புல்லிப் பக்கத்தில், தொழிற்சாலை அமைப்பின்படி, ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஆயிலை வீசியெறியும் ஒரு வட்டத் தகடும், புல்லியின் கழுத்தில் வெட்டிய மரையும் மட்டுமே அங்கே தடுப்பு. உள்ளே அழுத்தம் கூடினால் ஆயில் அவற்றைத் தாண்டிவிடும். இந்த இன்ஜினுக்கென்றே கிட் விற்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ரிங் தேய்மானம்தான் காரணமென்றால், வேறெதையும் தொடாமல், குழலின் காற்றுவழியைத் திறந்து ப்ரீதர் பெட்டியுடன் இணைத்ததும் ஒழுக்கு நின்றிருக்காது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் (உள்ளே உண்டாகும் அழுத்தமும்) சரியாக உள்ளதற்கான பணிமனை அறிக்கையை இணைத்துள்ளேன்.

கிட்டில் வந்த ஹோஸும் பொருத்தமற்றது. ஆயில் படும் இடத்துக்கு நைட்ரைல் போன்ற ஆயில் தாங்கும் ரப்பர் தேவை. தாங்கள் கொடுத்ததோ கூலன்ட் ஓடும் ஹோஸ் வகை. அது உப்பிக் குழைந்து, வளைவில் உட்சுவர் ஒட்டிப்போனது. ரேடியேட்டரே இல்லாத காருக்கு ரேடியேட்டர் ஹோஸ் எதற்கு என்று மெக்கானிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, கிட்டின் முழு விலையையும், வெப்பத்தை வெளியேற்றும் சிலிண்டர் ஃபின்களில் படிந்த ஆயிலை, இன்ஜினை மூடியிருக்கும் தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்த செலவையும் திருப்பித் தருமாறும், இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்குத் திருத்திய குறிப்புத்தாளை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிமுறை தராததால் நேரும் தீங்குக்கும் பொருளைத் தயாரித்தவர் பொறுப்பாவார் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிடில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: கிட் வாங்கிய பில், பணிமனை பில், கம்ப்ரஷன் அறிக்கை, குறிப்புத்தாள் ஆகியவற்றின் நகல்கள், ஹோஸின் படங்கள்.