யு/ஏ 13+ என்று குறிக்கப்பட்ட திரைப்படத்தின் வயது வகைப்பாட்டை மாற்றக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் தளத்தின் ஆண்டுச் சந்தாதாரர்,
மதுரை.
(பெயர், கணக்கு விவரம், படத்தின் பெயர், திரைப்பிடிப்புகள் ஆகியவை இணைப்பில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழித் திரைப்படச் சேவை நிறுவனம்.

பொருள்: வளரிளம் பருவத்தினருக்கு ஏற்றதெனக் காட்டப்படும் குடும்பத் திரைப்படத்தின் வகைப்பாட்டை உயர்த்தவும், அதன் விவரக் குறிப்பைத் திருத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் தளத்தில் ‘குடும்பத்துடன் பார்க்க’ என்ற வரிசையில் இடம்பெற்றுள்ள தமிழ்த் திரைப்படம் ஒன்றுக்கு யு/ஏ 13+ என்ற வகைப்பாடும், கெட்ட வார்த்தைகள், புகையிலைக் காட்சிகள் ஆகிய இரண்டை மட்டும் சொல்லும் விவரக் குறிப்பும் தரப்பட்டுள்ளன. பள்ளியில் படிக்கும் பெண்ணொருத்தி தன் உயிரை மாய்த்துக்கொள்வதைச் சுற்றியே அந்தப் படம் அமைந்திருக்கிறது. அந்தக் காட்சி நெடுநேரம் நீடிக்கிறது. அவள் என்ன செய்கிறாள், எப்படிச் செய்கிறாள் என்பது முழுவதும் விளங்கும் அளவுக்கு நெருக்கமாகவும் படமாக்கப்பட்டிருக்கிறது. அது எந்த வழி என்பதை இக்கடிதத்திலும் நான் எழுத விரும்பவில்லை. இதைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

இதையே தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு முன்னரே எழுதியிருந்தேன். அங்கிருந்து வந்த மின்னஞ்சலில், படத்தில் ஆபாசம் இல்லை, ரத்தம் தெறிக்கும் வன்முறை இல்லை, வசைச் சொற்களும் குறைவு, ஆகவே 13+ பொருத்தமானதே என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. தேவைப்பட்டால் பேரன்டல் லாக் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அறிவுரையும் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பதிலில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. என்னென்ன இல்லை என்று எண்ணிப் பார்த்து ஒரு படம் யாருக்கு ஏற்றது என்று முடிவுசெய்ய இயலாது. என்ன இருக்கிறது, அது எவ்வாறு காட்டப்படுகிறது, பார்க்கிற பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பவற்றைக் கொண்டுதான் முடிவுசெய்ய இயலும்.

இது மோசமான படம் என்று நான் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். வேலையை இழந்த தந்தை குடியில் விழுவதையும், தாய் இரண்டு இடங்களில் வேலை பார்த்து வீட்டைத் தாங்குவதையும், அவர்கள் இருவருடைய சண்டைக்கு நடுவே மகள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வதையும் மிகுந்த அக்கறையோடு எடுத்திருக்கிறார்கள். எவரையும் கெட்டவராக்கிக் கைகழுவிவிடாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. காட்சிகளை வெட்ட வேண்டும், படத்தையே நீக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. அப்படி எவரேனும் கேட்டால் எதிர்த்து எழுதுவோரில் நானும் ஒருத்தியாக இருப்பேன். பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கான படத்தை அவ்வாறே அறிவித்து வழங்குங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

தங்கள் வகைப்பாட்டை மறுப்பதற்கு வெளியே சென்று சான்று தேட வேண்டியதே இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழிலேயே யுஏ 16+ என்று இருக்கிறது; அது திரையில் நிற்கும்போதே இடது மூலையில் தங்களுடைய 13+ தோன்றி மறைகிறது. சான்றிதழில் உள்ள நீளமும் தங்கள் தளத்தில் ஓடும் நீளமும் ஒன்றே என்பதால், எதுவும் நீக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1983 முதல் ஒரே பிரிவாக இருந்த யுஏவை, 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. ஏழு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஒரே அடையாளத்துக்குள் அடைப்பது பெற்றோருக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதால்தான் அந்தப் பிரிவினை தேவைப்பட்டது. அந்த எண்கள் பெற்றோரின் வழிகாட்டுதலுக்காக மட்டுமே தரப்படுகின்றன. முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோருடையது என்று சட்டமே விட்டுவிட்ட பிறகு, முடிவெடுக்கத் தேவையான செய்தியை மறைப்பது எப்படி நியாயமாகும்?

இணையவழிப் படங்களுக்கும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து வகைகளை வகுத்திருக்கின்றன. வகைப்படுத்தும்போது காட்சியின் சூழல், கருப்பொருள், தொனி, தாக்கம், யாருக்காக எடுக்கப்பட்டது ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று அவற்றின் அட்டவணை கூறுகிறது. தற்கொலையையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் தூண்டக்கூடியவையும், சிறார் பார்த்துப் பின்பற்றிவிடக்கூடியவையுமான ஆபத்தான செயல்களின் சித்திரிப்புகளுக்கு உயர்ந்த வகைப்பாடு தரப்பட வேண்டும் என்றும் அதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்விதிகளின் சில பகுதிகளுக்கு 2021ஆம் ஆண்டிலேயே மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததை நான் அறிவேன். எனினும் இந்த ஐந்து வகைகளையே பின்பற்றுவதாகத் தங்கள் உதவிப் பக்கத்தில் தாங்களே அறிவித்திருப்பதால், தங்கள் சொந்த அறிவிப்பைக் கொண்டே இந்தக் கேள்வியை எழுப்புகிறேன்.

என் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் மகளும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். இருவரும் இந்தப் படத்தை என்னுடன் பார்த்தார்கள். படம் முடிந்ததும் மகள் நெடுநேரம் பேசினாள். அந்தப் பெண் மாறிக்கொண்டே போவதை வகுப்பாசிரியர் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டாள். தாயின் மேல் கோபப்பட்டு, பிறகு அந்தக் கோபம் சரியா என்று அவளே யோசித்தாள். மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “அப்படிச் செஞ்சா ரொம்ப வலிக்குமாம்மா?” மூத்தவளுக்கு அது ஒரு குடும்பத்தின் கதை. இளையவனுக்கு முழுப் படமும் அந்த ஒரு காட்சியாகச் சுருங்கிவிட்டது.

அந்தக் காட்சியைவிட அதற்குப் பின்னால் வருவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மகளின் மரணத்துக்குப் பிறகு தந்தை குடியை விடுகிறார். பிரிந்திருந்த பெற்றோர் ஒன்றுசேர்கிறார்கள். கேலி செய்த வகுப்புத் தோழிகள் அவளுடைய இருக்கையில் பூ வைத்து அழுகிறார்கள். இழந்த பிறகு விழித்துக்கொள்ளும் பெரியவர்களைக் குற்றம் சாட்டும் பகுதியாக வயதுவந்த பார்வையாளர் இதைப் புரிந்துகொள்வார். காலம் கடந்து வந்த அந்தத் திருத்தம் எவ்வளவு கசப்பானது என்பது, வாழ்ந்து இழந்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை காண்பது நிகழ்வுகளின் வரிசையை: அவள் இறந்தாள், அதனால் எல்லாம் சரியாயிற்று. வீட்டில் சண்டை நடக்கிற ஒரு பிள்ளை, தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று நினைக்கிற ஒரு பிள்ளை, அந்த வரிசையைத் தனியாக அமர்ந்து கைபேசியில் பார்த்தால் என்ன எண்ணும் என்பதைத் தங்கள் வகைப்பாட்டுக் குழுவினர் ஒருமுறையாவது பேசியிருப்பார்களா? தாக்கம் என்று விதி சொல்வது இதைத்தான். வசைச் சொற்களை எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

என் அச்சம் ஒரு தாயின் மிகையான பதற்றம் என்று தாங்கள் கருதக் கூடும். திரைத் துறையினருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தற்கொலைச் செயலையும் அதன் வழியையும் காட்டுவதைத் தவிர்க்கவும், உதவி கிடைக்கும் இடங்களைக் காட்டவும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான படைப்பென்றால் பெற்றோருக்கு வழிகாட்டுதல் தரவும் அது கேட்டுக்கொள்கிறது. 2017இல் வெளியான அமெரிக்க இணையத் தொடர் ஒன்றில் இத்தகைய காட்சி இடம்பெற்றபோது, நியூசிலாந்தின் வகைப்பாட்டு அலுவலகம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் அல்லது காப்பாளருடன் மட்டுமே பார்க்க வேண்டும் என்று சொல்லும் புதிய வகை ஒன்றையே உருவாக்கியது. அந்தத் தொடரை வெளியிட்ட நிறுவனமே 2019இல் அக்காட்சியை நீக்கிவிட்டது. தங்கள் தொழிலில் நன்றாக அறியப்பட்ட நிகழ்வு இது.

நம் நாட்டிலேயே வேறொரு செய்திக்கு எவ்வளவு அக்கறை காட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, இணையவழிப் படங்களில் புகையிலைக் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் தோன்றியாக வேண்டும். இந்தப் படத்திலும் தந்தை சிகரெட் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் அது தவறாமல் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண் தன்னை மாய்த்துக்கொள்ளும் நிமிடங்களில் அதே திரையின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறது.

படத்தை எடுத்தவர்களுக்கு இந்த அக்கறை இருந்திருக்கிறது. கடைசிப் பெயர்ப் பட்டியலின் முடிவில், மனநல உதவிக்கான டெலிமானஸ் எண்ணான 14416ஐத் தமிழில் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத் தங்கள் தளத்தில் காண்பது ஏறக்குறைய இயலாத செயல். பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் அது ஒரு மூலையில் சிறு கட்டமாகச் சுருங்கிவிடுகிறது. சில நொடிகளில் ஆட்டோபிளே வழியாக ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டம் பாட்டும் கூத்துமாகத் தொடங்கிவிடுகிறது. என் மகன் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்தப் பாட்டின் சத்தத்துக்கு நடுவில்தான். பின்னர் நானே பட்டியலை மறுபடி திறந்து இறுதிவரை பார்த்தபோதுதான் அந்த எண் அங்கே இருப்பது தெரிந்தது. இந்த ஒன்றைத் திருத்துவதற்குத் தங்களுக்கு எந்தச் செலவும் இருக்கப்போவதில்லை.

பேரன்டல் லாக் பற்றிய தங்கள் அறிவுரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பூட்டு, தாங்கள் இடும் வயது எண்ணைக் கொண்டே இயங்குகிறது. என் மகனின் ப்ரொஃபைலில் 13+ வரை மட்டும் என்று நான் பூட்டி வைத்திருந்தாலும் இந்தப் படம் அதற்குள் தாராளமாக வந்து நிற்கும். தாங்கள் கொடுத்த எண் பொருந்தாதபோது பூட்டைப் போடச் சொல்வதில் பயனில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு வாழ்க்கையின் துயரங்களைக் காட்டவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். காட்ட வேண்டும் என்பவள் நான். என் மகள் இந்தப் படத்தைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு வேறு எந்த வழியிலும் நடந்திருக்காது. பதினாறு வயதைத் தாண்டிய பிள்ளையோடு, என்ன வரப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பெற்றோர் உடன் அமர்ந்து பார்க்க வேண்டிய படம் இது. தெரிந்துகொண்டு என்பதுதான் இங்கே முக்கியம். பிரிட்டனின் வகைப்பாட்டு வாரியம், ஒவ்வொரு படத்துக்கும் ஏன் அந்த வயது தரப்பட்டது என்பதைச் சிறு விளக்கமாக வெளியிடுகிறது. அதைப் படிக்கும் தாய், தன் பிள்ளை இந்தப் படத்துக்குத் தயாரா, இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா என்று தானே முடிவுசெய்துகொள்ள முடிகிறது.

ஆகவே, இப்படத்தின் வகைப்பாட்டை யு/ஏ 16+ என உயர்த்தி, ‘குடும்பத்துடன் பார்க்க’ வரிசையிலிருந்து அதை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விவரக் குறிப்பில் தற்கொலைக் காட்சி, குடும்ப வன்முறை, மது ஆகியவை வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். தளத்தின் மற்ற அனைத்தையும் தமிழில் தரும் தாங்கள் இந்தக் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் விட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உதவி எண் முழுத்திரையில் நிற்கவும், இத்தகைய படங்களுக்குப் பிறகு ஆட்டோபிளே இயங்காதிருக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். தணிக்கைச் சான்றிதழ் 16+ என்று சொல்லியிருக்க 13+ என்று முடிவுசெய்தது எந்த அடிப்படையில், அந்த முடிவை எடுப்பதற்கு முன் மனநலத் துறையினர் எவரிடமாவது கருத்துக் கேட்கப்பட்டதா என்பதற்கும் எழுத்துப்பூர்வமான விளக்கம் தேவை.

புகார் கிடைத்ததற்கான ஒப்புகையை 24 மணி நேரத்திலும், அதன் மீதான முடிவை 15 நாட்களிலும் தருவதாகத் தங்கள் குறைதீர்ப்புப் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்குள் பொதுவான நன்றி மடல் அன்றி, மேலே கேட்டவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் நிறைவளிக்காவிட்டால் இதே கடிதத்தைத் தங்கள் நிறுவனம் உறுப்பினராக உள்ள சுயஒழுங்குமுறை அமைப்புக்கும், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
மதுரை.

இணைப்பு: விவரக் குறிப்பு, தணிக்கைச் சான்றிதழ், கடைசிப் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மின்னஞ்சல் நகல்.