பாடசாலைக் கட்டணத்தை முழுதாக எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு வருடமாக இதுதான் வேலை. கடை பூட்டும் நேரத்தில் இருபது ரூபாய் குறைந்தாலும், அது எங்கே போனது என்று பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டேன். ஆனால் தனியார் சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் என் மகளின் முதலாம் தரத்துக்கு இந்த வருடம் எவ்வளவு செலவானது என்பது போன கிழமை வரை எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. சரியான தொகை என்னவென்றே தெரியாமல் பத்து மாதமாக இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். காலையில் வானுக்குக் காத்து நிற்கும் இடத்தில் நாங்கள் நான்கு தாய்மார் கதைத்துக்கொள்வோம். நால்வர் வீட்டிலும் இதே சண்டைதான். ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் சீட்டு எடுத்திருக்கிறாள். இன்னொருத்தியின் கணவர் கட்டாரில் இருக்கிறார். அவர்களின் சண்டை வட்ஸ்அப்பில் நடக்கிறது. ஆகவேதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஆரையம்பதியில். என் பெற்றோர் எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு. கணவருக்குச் சொந்த ஊர் காரைதீவு, கலியாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். மேசன் வேலை. நாளொன்றுக்கு 3,500 ரூபாய், வேலை இருந்தால். எனக்கு மாதச் சம்பளம் 38,000. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று.

எங்கள் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். மகள் பிறந்த வருடமே இவர் வளவின் பின்பக்கத்தில் அளவு போட்டுவிட்டார். வேலை முடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளிலும் நின்று, தன் கையாலேயே அத்திவாரம் போட்டார். வேறு வீடுகளில் மிஞ்சிய கம்பித் துண்டைக்கூடக் கேட்டு வாங்கி வந்து சேர்த்தார். ஊரில் அத்தனை பேருக்கு வீடு கட்டிக் கொடுக்கிற மனிதன் தன் மகளுக்கு ஒரு வீடு கட்ட நினைப்பதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. அப்போதும் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது.

ஆனால் எனக்கு வேறொரு எண்ணம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு வங்கியின் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். கணக்கில் என்னை யாரும் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்விக்கே நா எழவில்லை. கேள்வி விளங்கியது, பதிலும் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. மகள் அப்படி நிற்கக் கூடாது என்பது அன்றிலிருந்து மனதில் கிடந்தது. அதனால்தான் ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கும் தனியார் சர்வதேசப் பாடசாலையில் சேர்ப்போம் என்றேன்.

அவர் முதலில் கோபப்படவில்லை. ஆறுதலாகவே சொன்னார். "நடந்து போற தூரத்தில அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கு. புத்தகம் சும்மா தாறாங்க, சீருடைத் துணி தாறாங்க. ஆறாம் தரத்தில இங்கிலீசும் தமிழும் சேர்த்துப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்துவம். விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரன் நான். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தின மனிசன் அவர். நாம ஏன் கடன்பட்டுப் படிப்பிக்கோணும்?" இலவசக் கல்வி 1945 இல் வந்ததென்று அவருக்குப் பாடமில்லை. ஆனால் அவரும் அவருடைய நான்கு சகோதரங்களும் அந்தச் சட்டத்தால்தான் எழுத்துப் படித்தார்கள். அதே சட்டத்தால்தான் நானும் உயர்தரம் வரை படித்தேன்.

அரசாங்கப் பாடசாலையில் செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மச்சாள் மகனின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் காசு கட்டிய கதையைச் சொன்னால் அது வேறொரு கடிதமாகிவிடும்.

போன வருடம் ஒக்டோபரில் இருவரும் சேர்ந்து அந்தப் பாடசாலை அலுவலகத்துக்குப் போனோம். அனுமதிக் கட்டணம் 50,000, திருப்பித் தரப்படாது. தவணைக்கு 36,000, மூன்று தவணை. அங்கே இருந்த பிள்ளை அன்பாகத்தான் கதைத்தது. இவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்: "இது மட்டுந்தானா தங்கச்சி?" "ஓம் அண்ணா, இது மட்டுந்தான்" என்றாள். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே கணக்குப் பார்த்தோம். தவணைக் கட்டணம் வருடத்துக்கு 108,000, மாதத்துக்கு 9,000. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஒன்பதாயிரம் எண்டா இழுத்துப் பிடிப்பம்" என்றார்.

அந்த ஒன்பதாயிரம்தான் அவருடைய மனதில் நின்றது. அவர் என்னிடம் சொன்ன 'சரி' அந்தத் தொகைக்குச் சொன்ன சரி.

ஜனவரி வந்தது. முதல் தவணை 36,000. புத்தகங்களையும் பயிற்சிக் கொப்பிகளையும் அவர்களிடமே வாங்க வேண்டும், 22,300. சீருடை, விளையாட்டு உடை, கழுத்துப்பட்டி, சப்பாத்து எல்லாம் 18,400. பராமரிப்புக் கட்டணம் என்று 12,000. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 88,700 ரூபாய்.

எங்கள் மாவட்டத்தில் ஜனவரி எப்படிப்பட்ட மாதம் என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பரில் பிடிக்கும் மாரி மழை ஜனவரி வரை நிற்காது. வளவெல்லாம் தண்ணீர். அந்தக் காலத்தில் மேசனுக்கு வேலை இல்லை. கடல் கொந்தளிப்பதால் மீனவர் தோணி தள்ளுவதில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் விற்றுக் காசு கையில் வர பெப்ரவரி, மார்ச் ஆகும். இந்த ஜனவரியில் என் கணவர் ஆறு நாள்தான் வேலைக்குப் போனார், 21,000. என் சம்பளத்தோடு சேர்த்து வீட்டுக்கு வந்த மொத்தக் காசு 59,000. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கையில் காசே இல்லாத மாதத்தில்தான் வருடத்தின் பெரிய கட்டணம் எல்லாம் வந்து நிற்கிறது. கட்டணத் திகதி போடுகிறவர்கள் ஒரு தரமாவது இதை யோசித்தார்களா தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. தவணைக்கு 1,500 கணினி வகுப்புக்கு, 2,000 பரீட்சைக்கு. விளையாட்டுப் போட்டி ரீசேட்டும் மற்றதும் 3,200. சுற்றுலா 4,800. வருடாந்தக் கலைவிழாவுக்கு உடுப்பு 5,500, பெற்றோர் பார்க்க டிக்கட் 2,000. வானுக்கு மாதம் 7,000, பதினொரு மாதத்துக்கு. வான் காசைப் பாடசாலையின் கணக்கில் போட மாட்டேன். மோட்டார் சைக்கிளில் இவரே ஏற்றி இறக்குவார் என்று நினைத்தது எங்கள் பிழை. இன்றைக்குக் கல்லடியில் வேலை, நாளைக்குச் செங்கலடியில் என்று போகிறவரால் அது முடியவில்லை.

இவை ஒவ்வொன்றும் சின்னக் கடதாசித் துண்டாக மகளின் புத்தகப் பையில் வரும். பையைத் திறப்பது நான். அதனால் ஒவ்வொரு தொகையும் எனக்கு மட்டுமே தெரிய வந்தது. முதல் இரண்டு துண்டை அவரிடம் காட்டினேன். மூன்றாவதைக் காட்டும்போது அவருடைய முகம் மாறியது. நான்காவதைக் காட்டவில்லை. கடையில் முற்பணம் வாங்கிக் கட்டினேன். அப்புறம், அம்மா தந்த காப்பை 60,000 ரூபாய்க்கு அடைவு வைத்தேன். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. வீட்டில் ஒரு சண்டையாவது குறையட்டும் என்றுதான் செய்தேன்.

ஜூன் மாதம் மோட்டார் சைக்கிளின் காப்புறுதிக் கடதாசியைத் தேடியபோது அடைவுத் துண்டு அவர் கையில் பட்டது. அவர் சத்தம் போடவில்லை. அன்று இரவு விறாந்தையில் படுத்தார். அடுத்த நாள் நான் கட்டி வைத்த சோற்றுப் பார்சலை எடுக்காமலே வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு பின்வளவுப் பக்கம் அவர் போகவே இல்லை. அத்திவாரத்துக்குள் இப்போது புல் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. பாதி மூட்டைச் சீமெந்து கட்டிபட்டுக் கிடக்கிறது. காலையில் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது விளையாட்டுப் போட்டி நாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டு இல்லத்தின் நிற ரீசேட்டில் வரிசையாக நிற்க, என் மகள் மட்டும் வெள்ளைச் சட்டையோடு ஓரத்தில் நின்றாள். துண்டு வரவில்லையா என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்தாயிற்று என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். துண்டு நான்காக மடித்தபடி பென்சில் பெட்டிக்கு அடியில் கிடந்தது. நான் செய்ததைத்தான் பிள்ளையும் செய்திருக்கிறாள். ஆறு வயதில்.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு கொப்பியை எடுத்தேன். பற்றுச்சீட்டுகள், துண்டுகள், அடைவுத் துண்டு எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். "இஞ்ச பாருங்க, வாங்க, கணக்குப் பார்ப்பம்" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து இருந்தார். ஒவ்வொன்றாக நான் வாசிக்க, அவர் தன் போனில் கூட்டினார். முதல் நாள் எங்களுக்குச் சொன்னது 158,000. சொல்லாதது, வான் காசும் சேர்த்து, 155,700. வானை விட்டாலும் 78,700. எல்லாம் கூட்ட 313,700 ரூபாய். இரண்டு தரம் கூட்டிப் பார்த்தோம்.

சண்டை வரும் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். வரவில்லை. அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "இதை முதல் நாளே ஒரு தாளில எழுதித் தந்திருந்தா, நான் ஓம் எண்டு சொல்லியிருப்பன், இல்லாட்டி வேணாம் எண்டு சொல்லியிருப்பன். ஓம் எண்டு சொல்லியிருந்தா உன்னோட ஒரு நாளும் சண்டைக்கு வந்திருக்க மாட்டன்."

அவர் சொன்னது உண்மை. பத்து மாதமாக அவர் ஒரு தொகையை நினைத்துக் கதைத்தார், நான் வேறொரு தொகையை நினைத்துக் கதைத்தேன். 'நீ பெருமைக்குச் செலவழிக்கிறாய்' என்று அவரும், 'உங்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை' என்று நானும் சொன்ன வார்த்தைகளை இனித் திரும்ப எடுக்க முடியாது.

நான் வேலை செய்யும் கடையில் விலைப்பட்டியல் தொங்காவிட்டால் நுகர்வோர் அதிகார சபை அதிகாரிகள் வந்து வழக்குப் போடுவார்கள். சோதனைக்கு வந்தால் ஒரு பருப்புப் பையைக்கூட விடாமல் பார்ப்பார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்குகிற இடத்தில் ஏன் ஒரு பட்டியல் இல்லை? இந்தச் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதியப்பட்டு நடக்கின்றன, அரசாங்கப் பாடசாலைகளைப் போலக் கல்வி அமைச்சின் கீழ் வருவதில்லை. கம்பனி என்றால் கம்பனிக்குரிய ஒழுங்காவது வேண்டும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்களும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. கட்டணம் எவ்வளவாகவும் இருக்கட்டும். அனுமதிக் காசை வாங்கும் முன்பு, அந்த வருடம் முழுக்க எந்தெந்த மாதத்தில் எதற்காக எவ்வளவு கேட்பார்கள் என்று தமிழில் ஒரே தாளில் எழுதி, தாயும் தகப்பனும் இருவரும் ஒப்பமிட்ட பிறகு சேர்க்க வேண்டும். அதில் இல்லாத காசை இடையில் கேட்கக் கூடாது. இடையில் பிள்ளையை விலக்கினால் எந்தக் காசு திரும்ப வரும், எது வராது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜனவரிச் சுமையில் ஒரு பகுதியையாவது மார்ச்சுக்குத் தள்ளிப் போட வழி செய்ய வேண்டும். கல்வி அமைச்சும் நுகர்வோர் அதிகார சபையும் சேர்ந்து இதைக் கட்டாயமாக்கினால், இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாடு நிம்மதியாக நடக்கும்.

பிள்ளையைச் சேர்க்க இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். இருவரும் சேர்ந்து போங்கள். 'இது மட்டுந்தானா' என்று வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். முதலாம் தரத்தில் பிள்ளை படிக்கிற ஒரு தாயைத் தேடிப் பிடித்து, அவளிடம் இருக்கும் துண்டுகளைப் பாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை இவர் அரை நாள் லீவு எடுக்கிறார். அந்தக் கொப்பியைக் கொண்டு இருவருமாகப் பாடசாலை அலுவலகத்துக்குப் போகப் போகிறோம். அடுத்த வருடச் செலவு முழுவதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். தந்தால் அதை வீட்டில் வைத்துப் பார்த்து இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம். தராவிட்டால் ஊர்ப் பாடசாலையில் இரண்டாம் தரத்துக்கு இடம் கேட்டு விண்ணப்பிப்போம் என்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஆரையம்பதி.