களைத்த கண்ணுக்கு அந்தத் திரை எப்படித் தெரியும்? டிஜிசிஏ தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் (டிஜிசிஏ) அவர்களுக்கு,

வணக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்கு வீடு படைக்குப் போனவர்கள் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே எங்கள் ஊரைச் சொல்வார்கள். நான் விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்தவன். விமானியின் கண்முன் இருக்கும் மீட்டர்களைக் கழற்றிச் சோதித்து மாட்டுவதுதான் வேலை. விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மீட்டரைப் படிப்பதைப் பற்றிப் பேசலாம்.

விமானிகளின் ஓய்வுக்காக 2024 ஜனவரியில் நீங்கள் கொண்டுவந்த விதிகள் நல்லவை. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதித்தது இரண்டாகக் குறைந்தது. ஆனால் 2025 டிசம்பரில் நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனம் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், அதே விதிகளில் சிலவற்றுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்துவிட்டீர்கள். தயாராக ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது அவர்களுக்கு. பயணிகள் பட்ட பாட்டைக் காட்டி விமானிகளின் தூக்கத்தில் கை வைத்தது எனக்கு ஒப்பவில்லை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. களைப்பு ஒரு கோப்பிலும், காக்பிட் (விமானி அறை) திரை இன்னொரு கோப்பிலும் கிடக்கின்றன. விமானி இரண்டையும் ஒரே நேரத்தில்தானே சமாளிக்கிறார்?

பழைய உயரமானியில் ஒரே வட்டத்துக்குள் மூன்று முட்கள்: நூறு அடிக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று, பத்தாயிரத்துக்கு ஒன்று. பத்தாயிரத்தின் குட்டி முள் மற்ற முள்ளுக்குப் பின்னால் மறைந்துகொண்டால் கணக்கு அடியோடு மாறிவிடும். பட்டறையில், நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்து பார்க்கிற எனக்கே ஒரு நொடி நின்று படிக்க வேண்டியிருக்கும். ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விமானிகளிடமே கேட்டு 1947ல் தொகுத்த தவறுகளில் இந்த வகை மீட்டரைத் தப்பாகப் படித்ததுதான் முன்வரிசையில் நின்றது.

கண்ணாடித் திரை வந்ததும் முள் போனது, சிக்கல் போகவில்லை. 1992 ஜனவரி 20 இரவு, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணம் 3.3 டிகிரி என்று வைப்பதாக நினைத்து, நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கும்படி வைத்துவிட்டார்கள் என்பதே விசாரணையில் வலுவாகப் பேசப்பட்ட காரணம். கோணத்தை வைக்கும் முறையில் (மோடில்) எண் காட்டும் சிறு கட்டத்தில் ‘3.3’ தெரியும், இறங்கும் வேகத்தை வைக்கும் முறையில் ‘33’ தெரியும். நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். பிறகு விமானத்தைத் தயாரித்த ஏர்பஸ், இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றியது. மாற்ற முடிகிற விஷயம்தான் அது, பாருங்கள்.

நம் பக்கத்து பெங்களூரில் 1990 பிப்ரவரி 14 அன்று ஏ320 விழுந்து 92 பேர் போனது பட்டப்பகலில். என்ஜின் குறைந்த விசையில் கிடக்கும் இறக்க முறையில் விமானம் இருந்ததும், வேகம் சரிந்ததும் விமானிகளுக்கு உரிய நேரத்தில் உறைக்கவில்லை. விழித்திருந்த கண்ணுக்கே அப்படி. 2010 மே 22 விடியலில் மங்களூரில் இறங்கிய விமானத்தின் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார். குறட்டை கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருந்தது. எச்சரிக்கைக் குரல் ஒலித்தது, துணை விமானியும் மேலேற்றச் சொன்னார். அப்படியும் இறக்கியதில் 158 உயிர்கள் போயின. எழுந்தவுடன் மூளை சோம்பிக் கிடக்கும் அந்த நேரத்தில் மனிதன் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்ப்பான், கேட்பான்.

பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997லேயே ஆய்வில் காட்டினார்கள். நம் சாலைச் சட்டம் 0.03 தாண்டினாலே வண்டியைப் பிடிக்கும். விமானியை ஊதச் சொல்லிச் சோதிக்கிறீர்கள், சரி. தூங்காமல் வந்தவருக்கு அந்தக் குழாயில் ஒன்றும் தெரியாது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி லாரியை ஓரங்கட்டி, டீக்கடையில் முகம் கழுவி வருகிற டிரைவருக்கு உள்ள வசதி இவருக்குக் கிடையாது.

சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டுவதுபோல் பழக்கும் கருவி) பயிற்சியில் ஒரு பங்கையாவது அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு, இரவு முழுக்க விழித்த விமானியை வைத்து நடத்தச் சொல்லுங்கள். எந்தத் திரையில், எந்த எழுத்தில், எந்த நிறத்தில் தடுமாறுகிறார் என்று அங்கேதான் தெரியும். விமானத் தயாரிப்பாளரிடம் மாற்றம் கேட்க அந்தப் பதிவைவிட வலுவான சான்று வேறு என்ன வேண்டும்? சம்பவ அறிக்கைகளிலும் விமானி எத்தனை மணி நேரம் விழித்திருந்தார், அப்போது திரையில் எந்த முறை காட்டிக்கொண்டிருந்தது என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும்.

எங்கள் அப்துல்லாபுரம் ஓடுதளத்திலிருந்து சிறிய விமானங்கள் பறக்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். (எப்போது என்று கேட்பதை ஊரில் விட்டுவிட்டார்கள்.) குட்டிக் குட்டிப் பயணங்கள் என்றால் ஒரே நாளில் பல ஏற்றம், பல இறக்கம், ஒவ்வொன்றிலும் அதே திரையைப் புதிதாகப் படிக்க வேண்டும். அந்தக் களைப்பு, பணி நேரத்தை மணியாக எண்ணுவதில் மட்டும் அகப்படாது.

களைப்புப் புகார்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்பது உங்கள் விதிதான். பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை மக்கள் பார்வைக்கு வையுங்கள். முதல் தொகுப்பு எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்