ஆண்டறிக்கை: ரெகே குழுவும் இந்த ஆண்டின் பதிவுகளும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஜமைக்கா நாட்டு இசையான ரெகேயை வாசிக்கும் நம் சங்கத்தின் குழுவில் இப்போது ஆறு பேர்: டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார், கீபோர்டு, பாட்டு, பறை. ஐந்து பாட்டுகள் பதிவாகி முடிந்தன.

அதிக நேரம் பிடித்தது தாளம்தான். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரெட் பரவலாக்கிய 'ஒன் டிராப்' முறையில், நான்கு தட்டுச் சுற்றின் முதல் தட்டு காலி. டிரம்ஸின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) மூன்றாவதில் சேர்ந்து விழும். பறையோ முதல் தட்டில்தான் ஓங்கி இறங்கும். இரண்டும் மோதியதால், பறையின் தடித்த அடிக்குச்சியை நிறுத்தி, மெல்லிய சிம்புக்குச்சியை மட்டும் கிட்டாரோடு இரண்டாம், நான்காம் தட்டுகளில் வைத்தோம். கிட்டாரில் தட்டியவுடன் இடது கை விரலைத் தளர்த்த வேண்டும். ஒலி நீண்டால் அந்தக் காலியிடம் அடைந்துபோகும். பறையைக் காய்ச்சி வைத்தாலும் தோல் ஆற ஆறச் சுருதி இறங்குகிறது. பாதியில் காய்ச்சினால் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டாது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் காய்ச்சுவதே சரி.

பதிவு அறைக்குப் பக்கத்திலேயே தறிக்குடோன். சுவரில் தொங்கும் பவானி ஜமுக்காளம் அறையின் எதிரொலியைத்தான் குறைக்கும், தறியின் அதிர்வைத் தடுக்காது. அதனால் தறி ஓடும் நாட்களில் மைக் தேவைப்படாத பேஸும் கீபோர்டும்; தறி நிற்கும் நாளில் டிரம்ஸ், பறை, குரல்.

பேஸில் வந்த கரண்ட் இரைச்சல் பெரிய தொந்தரவு. அது 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டத்தில்) அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலை வடிகட்டினால் ஸ்வரமும் சேர்ந்து போய்விடும். எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த்துக்கு மாற்றிய பிறகே அடங்கியது. செல்போனில் பேஸ் கேட்கவில்லை என்று உறுப்பினர்கள் சொன்னது உண்மை: அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. பேஸ் டிராக்கை நகலெடுத்து, லேசாகக் கரகரப்பு ஏற்றி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அசலுக்கு அடியில் மெல்லச் சேர்த்தோம். இப்போது கேட்கிறது.

ஒரு பாட்டுக்கு டப் வடிவமும் உண்டு; பதிவான பாட்டின் குரலையும் கருவிகளையும் ஏற்றி இறக்கி, எதிரொலி சேர்த்து மறுபடி அமைப்பதுதான் டப். ரேடியோ பழுது பார்த்துவந்த கிங் டப்பி கிங்ஸ்டனில் வளர்த்த கலை அது; மிக்ஸரே அங்கே வாத்தியம். நிமிடத்துக்கு 75 தட்டு என்றால் ஒரு தட்டு 800 மில்லிசெகண்ட். எதிரொலி எவ்வளவு தாமதித்து வரவேண்டும் என்னும் டிலேயை 600 மில்லிசெகண்டில் வைத்தால் எதிரொலி தட்டுகளுக்கு இடையே விழுகிறது, குரலை மறைப்பதில்லை.

வரும் ஆண்டுக்குக் குழு கேட்பது இரண்டு: பேஸுக்குத் தட்டைக் கம்பி (தட்டை நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி) ஒரு செட், அறைக்குத் தனி எர்த் குழி. பொதுக்குழு அனுமதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்